அசுவினியின் வேனல் கட்டி

குளத்தங்கரையில் ஒரு செம்பருத்திச் செடி இருந்தது. அதன் கணுவில் வெள்ளையம்மா என்ற மாவுப்பூச்சி குடியிருந்தாள். மேலே கொழுந்தில் பச்சைநாயகி என்ற அசுவினிப் பூச்சி. இருவருக்கும் தொழில் ஒன்றே. ஊசி வாயைச் செடியில் குத்திச் சாறு குடிப்பார்கள்.

செடி அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அதற்கு வாய் கிடையாது. அதன் மேல் இருந்த வாயெல்லாம் இவர்களுடையது.

ஒருநாள் பச்சைநாயகி கீழே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, உடம்பெல்லாம் மாவு? இட்லிக்கு ஆட்டினியா?"

"இது மழைக்கோட்டுடி! ஒரு சொட்டுத் தண்ணி ஒட்டாது. உங்கிட்ட என்ன இருக்கு?"

"நான் ஒரு நாள்ல குடிக்கிறதை நீ ஒரு வாரத்துல குடிப்பியா?"

வெள்ளையம்மாவுக்குச் சுருக்கென்றது. வயிற்றின் கீழே பஞ்சுப் பைக்குள் முந்நூறு முட்டை வைத்திருப்பவள் அவள். இந்தத் துக்குணிப் பச்சையிடம் தோற்பதா?

"வாடி, பாத்துடலாம்!"

நடுவராக ஒரு கட்டெறும்பு வந்தது. இருவரும் கழிக்கும் தித்திப்புச் சொட்டுதான் அதற்குச் சாப்பாடு.

"ரெண்டு பேரும் நல்லாக் குடிங்க! நியாயமா நான் சொல்றேன்!" என்று அது வாயைத் துடைத்துக்கொண்டது.

குடித்தார்கள். இலை சுருண்டது. மொட்டு உதிர்ந்தது. நான்காம் நாள் பச்சைநாயகியின் தோளில் இரண்டு வீக்கம் தெரிந்தது.

"என்னடி அது?"

"வேனல் கட்டிக்கா."

"ஐயோ பாவம்! இன்னும் ரெண்டு வாய் குடி, சூடு தணியும்."

வெள்ளையம்மாவுக்கு உண்மையாகவே இரக்கமாக இருந்தது.

பத்தாம் நாள், செடி காயத் தொடங்கியபோது, எறும்பு தீர்ப்புச் சொன்னது. "வெள்ளையம்மாதான் ஜெயிச்சா!"

தோற்றவளின் முகத்தைப் பார்க்க வெள்ளையம்மா ஆசையாக நிமிர்ந்தாள். பச்சைநாயகி பழைய தோலை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டி இருந்த இடத்தில் இறக்கை விரிந்திருந்தது.

"வர்றேன்க்கா! அந்தப் பக்கம் கத்திரிச்செடி தளதளன்னு இருக்கு!"

வெள்ளையம்மா தன் முதுகைத் திரும்பிப் பார்த்தாள். மாவுதான் இருந்தது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"எறும்பண்ணே! என் முட்டையையாவது தூக்கிட்டுப் போங்க!"

"உனக்கென்னம்மா! இனிமே செடி முழுக்க உன்னுதுதானே!" என்று எறும்பு கத்திரிச்செடியைப் பார்த்து நடந்தது.

அன்று மாலை முட்டைகள் பொரிந்தன. "அம்மா, பசிக்குது!" என்றன முந்நூறு குரல்கள். வெள்ளையம்மா காய்ந்த குச்சியில் வாயைக் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். ஒன்றும் வரவில்லை.

பறந்து போக இறக்கை உள்ளவரோடு போட்டி போட்டு, நாம் குடியிருக்கும் வீட்டை நாமே குடித்துத் தீர்க்கக் கூடாது.