நாலு காது தெரியுற ஃபோட்டோ

மார்க்கா? மார்க்குல என்னங்க குறை. சொர்ணகலா பயாலஜியில பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்கு. நம்மூர் டாக்டர் சீட்டுதான் மயிரிழையில தப்பிப்போச்சு. பனி கொட்டுற ஏதோ ஒரு நாட்டுக் காலேஜ் மட்டும் 'விண்ணப்பம் அனுப்பு, பாப்போம்'னு பதில் போட்டிருந்தது. இதுவும் கைநழுவினா அவ பெரியப்பா கல்யாணப் பேச்சை எடுத்துருவாரு. மாப்பிள்ளையையே பாத்து வச்சிட்டாரு மனுஷன். அதனால வீட்டுல எல்லாருமா சேர்ந்து, காலேஜ் சொன்னதுல ஒரு எழுத்து பிசகாம நடக்கறதுன்னு முடிவு பண்ணாங்க. வினையே அங்கதான் ஆரம்பிச்சது.

பொறுப்பை ஏத்துக்கிட்டது தாய்மாமன் உச்சிமாகாளி. ஆனைமடையில மாவு மில்லு வச்சிருக்காரு. சொன்னதைச் சொன்னபடி செஞ்சா எந்தக் கொம்பனும் குறை சொல்ல முடியாதுங்கறது அவரு கட்சி.

மொதல்ல ஃபோட்டோ.

"பின்னாடி முழுக்க வெள்ளையா இருக்கணுமாம், ரெண்டு காதும் தெரியணுமாம்"னு சொர்ணகலா செல்போனைப் பாத்து வாசிச்சா.

வீட்டுச் சுவரெல்லாம் நீலம். அவ அப்பா கோமதிநாயகம் தன்னோட வேட்டியைக் கொண்டுவந்து பின்னாடி கட்டலாம்னாரு. உச்சிமாகாளி அதை விரிச்சுப் பாத்தாரு.

"கரை இருக்கே அத்தான்."

"ஒரு விரல்கடை கரைதான மாப்ளே."

"முழுக்க வெள்ளைன்னு போட்டிருக்கான். கரை வச்ச வெள்ளைன்னு போடலையே."

கோமதிநாயகத்துக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. வேட்டியை மடிச்சு உள்ள வச்சிட்டாரு. கரை இல்லாத வெள்ளை வேற என்ன இருக்குன்னு யோசிச்சப்போ, தொழுவத்துல நின்ன வெள்ளச்சி கண்ணுல பட்டுச்சு. உடம்புல ஒரு புள்ளி கெடையாது, அப்படி ஒரு பசு.

வெள்ளச்சியைக் குறுக்க நிறுத்தி, அது வயித்துக்கு முன்னாடி முக்காலி போட்டு சொர்ணகலாவை உக்கார வச்சாங்க. உச்சிமாகாளி பட்டனை அமுக்குற நேரம், யாருடா இது நம்ம மேல சாயுறதுன்னு வெள்ளச்சி தலையைத் திருப்பிருச்சு. படத்துல சொர்ணகலா முகம் பளிச்சுனு விழுந்திருந்தது. அவ முகத்துக்குப் பின்னாடி, ரெண்டு பக்கமும் வெள்ளச்சி காது விரிஞ்சு நின்னுச்சு.

"ஏல தம்பி, நாலு காது தெரியுது. வேற எடுல"ன்னாங்க சொர்ணகலாவோட அம்மா வேலம்மா.

"எக்கா, ரெண்டு தெரியணும்னான். ரெண்டுக்கு மேல தெரியப்படாதுன்னானா?"

"அப்படி ஒண்ணும் சொல்லலை மாமா."

"குறைஞ்சாத்தான் தப்பு. கூட இருந்தா என்ன செஞ்சிருவான்?"

"அதுல என் காது ரெண்டும் இருக்கா மாமா?"

"உள்பக்கம் இருக்கறது உன்னது."

"அப்ப சரி"ன்னு சொர்ணகலா அனுப்பிட்டா. மார்க்கு வேற, இது வேற.

பத்து நாள்ல பதில் வந்துருச்சு. கம்ப்யூட்டர்ல நேர்காணலாம். அறையில மாணவி மட்டும்தான் இருக்கணும், வேற ஆள் இருந்தா விண்ணப்பம் ரத்துன்னு கண்டிப்பா போட்டிருந்தாங்க. பிள்ளையைத் தனியா விட வேலம்மாவுக்கு மனசில்லை. வாசப்படிக்கு வெளிய நின்னு தலையை மட்டும் உள்ள நீட்டிக்கிடலாம்னு உச்சிமாகாளி யோசனை சொன்னாரு.

கோமதிநாயகத்துக்கு ஒரு சந்தேகம். "தலை உள்ள இருந்தா ஆளே உள்ள இருக்கறதாத்தான மாப்ளே கணக்கு?"

"அத்தான், பஸ்ல போகையில சன்னல் வழியா தலையை வெளிய நீட்டுதீங்க. உடனே நீங்க இறங்கிட்டதா கண்டக்டர் சொல்லுதானா?"

"சொல்ல மாட்டான். வையத்தான் செய்வான்."

"அவ்வளவுதான். கால் எங்கயோ ஆளும் அங்கதான். தலை கணக்குல சேராது."

அப்படியாக, வாசல்ல மூணு தலை ஒண்ணுக்கு மேல ஒண்ணா உள்ள நீட்டிக்கிட்டு நின்னுச்சு. திரையில வந்தவரு நரைச்ச தாடி வச்ச பெரிய டாக்டர். பேச்செல்லாம் இங்கிலீஷ்தான்.

"அறையில உன்கூட யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல சார். வாசல்ல மூணு தலை மட்டும் இருக்கு."

அவரு திரைக்குக் கிட்ட வந்தாரு. "தலை மட்டுமா?"

"கால் வெளிய இருக்கு சார்."

அவரு தாடியைத் தடவுனாரு. அப்புறம், "தலையெல்லாம் நல்லா இருக்கா?"ன்னு கேட்டாரு.

"ரெண்டு நல்லா இருக்கு சார். அப்பா தலைதான் காலையில இருந்து வலிக்குதாம்."

"என்ன பண்ணலாம்?"

சொர்ணகலா திரும்பி அப்பாவை விசாரிச்சா. எந்தப் பக்கம் வலி, வெளிச்சம் பாத்தா கூசுதா, வாந்தி வருதா, காலையில என்ன சாப்பிட்டீங்க. பிள்ளைக்கு நேர்காணலாச்சேங்கற பதட்டத்துல அவரு பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலை.

"பசி சார். மொதல்ல இட்லி குடுத்துப் பாப்போம். அப்புறமும் வலிச்சா மாத்திரை."

பெரிய டாக்டர் சிரிச்சுக்கிட்டே, "நீ பொய்யும் சொல்லலை, நோயாளியைக் கேக்காம மருந்தும் சொல்லலை. வந்து சேரு"ன்னுட்டாரு. கோமதிநாயகம் தலையை வெளிய எடுத்து இட்லி சாப்பிடப் போனாரு. வலி நின்னுருச்சு.

மிச்சம் இருந்தது விசா ஒண்ணுதான். அதுக்கும் அதே ஃபோட்டோவைத்தான் அனுப்பியிருந்தாங்க. அது கிடைக்கலைன்னா இத்தனையும் வீண். சென்னையில இருக்கற விசா ஆபீசுல இருந்து தகவல் வந்தது: ஃபோட்டோவுல இருக்கறவங்க கண்டிப்பா நேர்ல வரணும்.

உச்சிமாகாளி ஃபோட்டோவை எடுத்து ரொம்ப நேரம் பாத்தாரு.

"வெள்ளச்சியும் வரணுமோ?"

"அதோட காது மட்டும்தான மாப்ளே இருக்கு"ன்னாரு கோமதிநாயகம்.

"காது தனியா வருமா அத்தான்?"

வராதுதான். குட்டியானை லோடு வண்டி ஒண்ணு பிடிச்சு, முன்னாடி சொர்ணகலாவும் வேலம்மாவும், பின்னாடி வைக்கோல், வெள்ளச்சி, உச்சிமாகாளின்னு கிளம்பிட்டாங்க. கோமதிநாயகம் மில்லைப் பாத்துக்கிட்டாரு.

விசா ஆபீசு வாசல்ல வாட்ச்மேன், வர்ற கூட்டத்துக்கு முகம் பாக்க நேரமில்லாம கத்திக்கிட்டிருந்தாரு. "வந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு டோக்கன் எடுங்கப்பா. டோக்கன் இல்லாம யாரும் இங்க நிக்கக்கூடாது."

வெள்ளச்சி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. உச்சிமாகாளி மிஷின்ல பட்டனை நாலு தடவை அமுக்குனாரு. யாருக்குன்னு மிஷின் கேக்கலை, நாலு சீட்டு வந்துச்சு.

சொர்ணகலா உள்ள போனா. கவுண்டர்ல இருந்த அம்மா ஃபோட்டோவைப் பாத்தாங்க, இவளைப் பாத்தாங்க, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி ஃபோட்டோவைப் பாத்தாங்க. கடைசியில அங்கயே வெள்ளைச் சுவருல நிறுத்தி வேற ஒண்ணு எடுத்துக்கிட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு அனுப்பிட்டாங்க.

"விசா கிடைச்சிருமாம் மாமா"ன்னு ஓடிவந்தா சொர்ணகலா. வேலம்மா அழுதே போட்டாங்க.

உச்சிமாகாளி அழலை. "வெள்ளச்சியைப் பத்தி எதுவும் கேட்டாங்களா?"

"கேக்கலையே மாமா."

"எப்படிக் கேப்பாங்க. அவ டோக்கன் இன்னும் வரலைல்லா."

அந்த நேரம் வாட்ச்மேன் உள்ள இருந்து குரல் குடுத்தாரு. "நாப்பத்திரெண்டு யாருப்பா? சீக்கிரம் வா, ஃபோட்டோ எடுக்கணும்."

உச்சிமாகாளி சீட்டைப் பாத்தாரு. வெள்ளச்சி நம்பரேதான். கயித்தை அவுத்தாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து வெள்ளச்சி மூஞ்சியை நல்லாத் துடைச்சுவிட்டாரு.

"இந்தத் தடவை தலையைத் திருப்பப்படாது. நேராப் பாரு, ரெண்டு காதும் தெரியணும்"னு சொல்லிக்கிட்டே உள்ள கூட்டிட்டுப் போனாரு.