ராசா காய்ச்சின பீருக்கு எந்தப் பாட்டில்?

கொத்தளபுரியை ஆண்ட உக்கிரபூபதி ராசாவுக்குத் திடீர்னு ஒரு கிறுக்கு பிடிச்சுது. பீரை நானே காய்ச்சுவேன்னு உட்கார்ந்துட்டார். ராசா காலத்துல ஏதுய்யா பீரு, ஏதுய்யா பிளாஸ்டிக்னு கேட்கிறவங்க போய் ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டு வாங்க. நம்ம கதையில ரெண்டும் உண்டு.

பார்லியை ஊறவெச்சு, முளைகட்டி, காய்ச்சி, புளிக்க விட்டு, எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சார். பாட்டில்ல ஊத்துறப்போதான் வந்துச்சு வினை. நுரை கட்டணும்னா பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு மூடணும். ராசா சிட்டிகையா போடுவார்? புனலை வெச்சு அள்ளி அள்ளிப் போட்டார். பக்கத்துல நின்ன அத்தனை பேரும் பார்த்தாங்க. ஒருத்தராவது வாயைத் திறக்கணுமே! திறக்க முடியாது. ராசா கை பட்டதுல குறை சொன்னா மொட்டையடிச்சுக் கழுதை மேல ஊர்வலம்னு அந்த நாட்டுச் சட்டம்.

முதல் தடவை கண்ணாடிப் பாட்டில். ஒரு மத்தியானம் ஒண்ணு வெடிச்சுது. அது பக்கத்துல இருந்ததை வெடிக்க வெச்சுது. அப்புறம் டமார் டமார்தான். எதிரி பீரங்கி வந்துடுச்சுன்னு காவக்காரன் முரசை அடிச்சுட்டான். குளிச்சிட்டிருந்த தளபதி கோவணத்தோட குதிரை ஏறிட்டார். ஐயோ, அந்தக் கண்கொள்ளாக் காட்சியை ஊரே பார்த்துச்சு!

அடுத்த தடவை பிளாஸ்டிக். வெடிக்கல, ஆனா ஒவ்வொண்ணும் பூசணிக்காய் மாதிரி உப்பிப்போச்சு. அடிப்பக்கமும் புடைச்சுக்கிச்சா, நிறுத்தினா நிக்காம உருண்டு ஓடுது. ராசா ஒண்ணைப் பிடிச்சுத் திறந்தார். புஸ்ஸுன்னு மூஞ்சியில அடிச்சுது. மீசையெல்லாம் நுரை.

"என் பீர்ல குத்தமே இல்ல. பாட்டில்தான் துரோகி!" சபையில கர்ஜிச்சார் ராசா. "கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? எது உத்தமம்னு எனக்கு இப்பவே தெரியணும்!"

கஜானா மந்திரி திருமேனிநாதர் எழுந்தார். சபையில சாமர்த்தியமாப் பேசிப் பேர் வாங்கிட்டிருந்த பொன்னுரங்கத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மகாராசா, இதுக்கெல்லாம் நம்ம பொன்னுரங்கம்தான் சரி. அவரே சொல்லட்டும். அவர் சொல்ற பாட்டிலும் கெட்டுப்போனா அவரை நாடு கடத்திடலாம்."

"அப்படியே ஆகட்டும்!"

பொன்னுரங்கம் மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பார்த்தார். எந்தப் பாட்டிலைச் சொன்னாலும் அந்தச் சர்க்கரை சும்மா விடாது. உண்மையைச் சொன்னா கழுதை, சொல்லாட்டி எல்லை. அன்னைக்குக் காலையிலதான் அவரும் பெண்டாட்டியும் கொல்லையில அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டிருந்தாங்க. அதை விட்டுட்டு எந்த ஊருக்குய்யா போறது!

தாடையைச் சொறிஞ்சார். மந்திரியை ஒரு பார்வை பார்த்தார்.

"கண்ணாடிதான் மகாராசா. சந்தேகமே இல்ல."

திருமேனிநாதர் துண்டால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சார்.

"ஆனா ஒண்ணு," பொன்னுரங்கம் தொடர்ந்தார். "கண்ணாடிப் பாட்டில்ல வெயில் பட்டா பீர் நாறிப்போகும். நுரை கட்டுற வரைக்கும் கதகதப்பான இருட்டறை வேணும். அரண்மனையில ஜன்னலே இல்லாத அறை நம்ம கஜானா மந்திரி படுக்கிற அறைதான். அவர் கட்டிலுக்கு அடியில அடுக்கிடலாம். போன தடவை மாதிரியே மகாராசா திருக்கையாலயே ஊத்தி, திருக்கையாலயே சர்க்கரை போட்டு மூடட்டும்."

"பேஷ்! திருமேனி, நீர் படுத்த மாதிரியும் ஆச்சு, காவல் காத்த மாதிரியும் ஆச்சு!"

மந்திரி முகம் சுண்டிப்போச்சு. "மகாராசா, என் அறை ரொம்பச் சின்னது..."

"பாட்டிலும் சின்னதுதானே?" என்றார் பொன்னுரங்கம்.

"எனக்குப் பீர் வாசனை ஆகாது."

"மூடித்தானே வைக்கிறோம்?"

"யோவ், வெடிச்சுத் தொலைச்சா?"

"ஏன் வெடிக்கணும்? மகாராசா பீர்ல குத்தமா?"

"ஐயையோ, இல்ல."

"அப்ப நான் சொன்ன பாட்டில்ல குத்தமா?"

"பாட்டில் என்னய்யா பண்ணும்! இப்படி அள்ளி அள்ளிச் சர்க்கரையைக் கொட்டினா இரும்புக் குண்டானே வெடிக்கும்! அதை என் முதுகுக்குக் கீழயா வைக்கப் பார்க்கிறீர்?"

சொல்லிட்டுத்தான் என்ன சொன்னோம்னே அவருக்கு உறைச்சுது. மூலையில நின்ன நாவிதர் பழக்கதோஷத்துல கத்தியைத் தீட்ட ஆரம்பிச்சிட்டார்.

ராசா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கையிலயா குறை?"

திருமேனிநாதர் பொன்னுரங்கத்தையே பார்த்தார். பாவம், வேற யாரைப் பார்ப்பார்?

"மகாராசா, மந்திரி குறையா சொன்னார்?" பொன்னுரங்கம் முன்னால வந்தார். "இது கொடுத்துக் கொடுத்தே பழகின கை. ஏழைக்கும் அள்ளித்தான் கொடுக்கும், பீருக்கும் அள்ளித்தான் போடும். கிள்ளிப் போட அதுக்குத் தெரியாது. அவர் சொன்னது புகழ்ச்சி இல்லையா?"

"புகழ்ச்சி! புகழ்ச்சியேதான்!" அலறினார் மந்திரி.

ராசா மீசை லேசாத் துடிச்சுது. "சரி, கண்ணாடியே இருக்கட்டும். நிஜமாவே அதுதான் நல்லதா?"

"மாசக்கணக்கா வெச்சுக் குடிக்க அதுதான் நல்லது. கூடவே ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டில்லயும் அதே பீரை ஊத்தி வைங்க. அப்பப்ப அதை அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா நுரை கட்டிடுச்சுன்னு அர்த்தம். உடனே எல்லாத்தையும் குளிர்ந்த நிலவறைக்கு இறக்கிடலாம்."

"அதெல்லாம் சரிய்யா. என் கைக்குக் கிள்ளிப் போடத் தெரியாதுங்கிறீர். அப்ப சர்க்கரையை யார் போடுறது?"

பொன்னுரங்கம் கஜானா மந்திரி பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

"எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷர் இங்கேயே நிக்கிறாரே மகாராசா! அவர்கிட்ட கொடுங்க. ஒரு மணி சர்க்கரை கூடுதலா விழுந்தா என்னைக் கேளுங்க."

ராசா சிரிச்ச சிரிப்புல கிரீடம் நழுவி மடியில விழுந்துச்சு. சிரிச்சுக்கிட்டே சர்க்கரை டப்பாவை எடுத்து மந்திரி கையில கொடுத்தார். அதை வாங்கின மந்திரி முதல் வேலையா மூடியை இறுக்கி மூடினார்.