மற்றவர்களின் ஓட்டு

ஒரு காட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. எந்தக் காடு என்று கேட்கிறீர்களா, பிள்ளைகளே? இங்கிலாந்துக் காடு. அங்கே மழை பெய்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் கதையை எங்காவது தொடங்கியாக வேண்டுமே!

அந்தக் காட்டில் சாம்பி என்று ஒரு தாய் முயல் இருந்தது. எதற்கெடுத்தாலும் கவலைப்படுவது அதன் குணம். புல் குறைவாக முளைத்தால் பட்டினி வருமோ என்று கவலைப்படும். நிறைய முளைத்தால் குட்டிகள் தின்று வயிறு வலிக்குமோ என்று கவலைப்படும்.

ஆனால் இந்த முறை அதன் கவலை நியாயமானது. காட்டு ஓடையின் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் கரை மீறி, முயல் வளைக்குள் புகுந்தது. சாம்பியின் கடைக்குட்டி பொட்டு, ஈரத்திலேயே படுத்து இருமி இருமி இளைத்துப் போயிற்று.

"இன்னொரு குளிர்காலத்தை என் பிள்ளை இந்த ஈரத்தில் தாங்காது" என்று சாம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. நரிக் கட்சி, பருந்துக் கட்சி, நீர்நாய்க் கட்சி என்று மூன்று கட்சிகள். யாருக்கு அதிக ஓட்டோ அவர் காட்டுத் தலைவர். இரண்டாவதாக வந்தவருக்கு ஒரு காய்ந்த இலைகூடக் கிடையாது.

முதலில் பருந்து வந்தது. அது வீடு வீடாக ஏறி இறங்குகிற ரகம் இல்லை. மேலே வட்டமிட்டபடியே கத்தியது.

"புதர்களை எல்லாம் வெட்டி எறிவேன்! காட்டை வெட்ட வெளிச்சமாக்குவேன்!"

காக்கைகள் எல்லாம் கைதட்டாத குறையாகக் கரைந்தன. சாம்பிக்குத் தூக்கி வாரிப்போட்டது. புதர் இல்லாவிட்டால் முயல் எங்கே ஒளியும்? பருந்துக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துதான் சொன்னது.

அடுத்து நீர்நாய் வந்தது. மனத்தில் உள்ளதை அப்படியே சொல்லிவிடும் சுபாவம் அதற்கு. வாசலில் நின்று மீசையில் வடிந்த தண்ணீரை உதறியது.

"சாம்பியம்மா, நான் ஜெயித்தால் பனி விழுவதற்குள் ஓடை மரத்தை அகற்றிவிடுவேன். ஆனால் தனியாக முடியாது. நீங்கள் எல்லோரும் ஒரு நாள் வந்து இழுக்க வேண்டும்."

"கேரட் ஏதாவது தருவீர்களா?" என்று சாம்பி கேட்டது. மற்ற கட்சிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் அது.

"மாட்டேன். எனக்குக் கேரட் பயிரிடத் தெரியாது."

உள்ளே பொட்டு இருமியது. நீர்நாய் எட்டிப் பார்த்தது. "குழந்தைக்கு இருமலா? அடியில் போட்ட புல்லை மாற்றிப் பாருங்கள். மரத்தை எடுக்கும்வரை அது ஒன்றுதான் வழி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

சாம்பிக்கு நீர்நாயை ரொம்பப் பிடித்துவிட்டது. 'போட்டால் இதற்குத்தான் ஓட்டு' என்று முடிவு செய்தது.

அந்த முடிவு மத்தியானத்தைத் தாண்டவில்லை. மத்தியானம் நரி வந்துவிட்டது.

நரிதான் அப்போது காட்டுத் தலைவர். தந்திரத்துக்கு அதை விட்டால் ஆளில்லை. "என்ன சாம்பியம்மா, பிள்ளைகள் சௌக்கியமா?" என்று வாலைச் சுருட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தது.

"சௌக்கியம் எங்கே, நரியாரே? போன தேர்தலிலும் அந்த மரத்தை எடுப்பதாகச் சொன்னீர்களே!"

"சொன்னேன். இந்தத் தேர்தலிலும் அதையேதான் சொல்கிறேன். சொன்ன சொல் மாறாதவன் நான்!"

பிள்ளைகளே, நரி ஏன் அந்த மரத்தை எடுக்கவில்லை தெரியுமா? அக்கரையில் ஒரு கோழிப்பண்ணை இருந்தது. கால் நனையாமல் ஓடையைக் கடக்க நரிக்கு அந்த மரம்தான் பாலம். யாராவது தான் நடக்கிற பாலத்தைத் தானே உடைப்பார்களா?

"நான் இந்தத் தடவை நீர்நாய்க்குப் போடலாம் என்று இருக்கிறேன்" என்றது சாம்பி.

நரி கோபப்படவே இல்லை. "நல்ல பிராணி! தங்கமான பிராணி! எனக்கே அதைப் பிடிக்கும். ஆனால் பாவம், இங்கே அது ஜெயிக்காது."

"ஏன்?"

நரி ஒரு குச்சியை எடுத்து, வாசல் சேற்றில் நெடுநெடுவென்று ஒரு கோடு கிழித்தது. "இது எனக்கு விழப் போகிற ஓட்டு." பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் குட்டையாக ஒன்று கிழித்தது. "இது பருந்துக்கு." பிறகு குச்சி நுனியால் லேசாக ஒரு தொடு தொட்டது.

"அது என்ன, புழுவா?" என்று சாம்பி குனிந்து பார்த்தது.

"அதுதான் நீர்நாய்க்கு! இப்போது யோசியுங்கள். நீங்கள் அதற்குப் போட்டால் என் கோடு குறையும். என் கோடு குறைந்தால் பருந்து ஜெயிக்கும். பருந்து ஜெயித்தால் புதர் போகும். புதர் போனால்..." நரி பொட்டு படுத்திருந்த பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டது. "நான் சொல்ல விரும்பவில்லை."

"இந்தக் கோடுகளை எதை வைத்து அளந்தீர்கள்?"

"மற்றவர்களை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். மற்றவர்கள் யாரும் நீர்நாய்க்குப் போடப் போவதில்லை."

சாம்பியின் தைரியம் அந்தப் புழுக்கோடு அளவுக்குச் சுருங்கிப் போயிற்று. ஈர வளையில் பிள்ளை இருமும். ஆனால் பருந்தின் வாயில் போகாதே! 'சரி, நரிக்கே போட்டுத் தொலைப்போம்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டது.

நரி அங்கிருந்து கிளம்பி முள்ளெலி வீட்டுக்குப் போயிற்று. அணில் வீட்டுக்குப் போயிற்று. வாத்து வீட்டுக்கும் போயிற்று. போன இடமெல்லாம் அதே குச்சி, அதே மூன்று கோடு, அதே பெருமூச்சு.

ஒருவரை ஒருவர் விசாரித்திருந்தால் குட்டு உடைந்திருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் சங்கதி இருக்கிறது. அந்தக் காட்டு விலங்குகள் மகா மரியாதைக்காரர்கள். யாருக்கு ஓட்டு என்று அடுத்தவரைக் கேட்பது, அடுத்தவர் சட்டியைத் திறந்து பார்ப்பதைவிடக் கேவலம் அவர்களுக்கு. மழையைப் பற்றிப் பேசலாம். மழை நின்றால் மறுபடி எப்போது வரும் என்று பேசலாம். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

தேர்தல் நாள் வந்தது. வயதான ஒரு கருவாலி மரத்தின் பொந்துதான் ஓட்டுச்சாவடி. பகலில் விழித்திருக்க முடியாத ஆந்தைதான் அதிகாரி. ஆளுக்கொரு மரப்பட்டை கொடுப்பார்கள். அதில் மூன்று காலடித் தடங்கள் இருக்கும். பிடித்தவரின் தடத்துக்கு நேரே கரித்துண்டால் பெருக்கல் குறி போட வேண்டும். நம் வாத்தியார் பெருக்கல் குறி போட்டால் தப்பு என்று அர்த்தம். அங்கே அதுதான் ஆமோதிப்பு! அந்தக் கரித்துண்டைக் கொடியால் வேறு கட்டி வைத்திருந்தார்கள். அதைத் திருடிக்கொண்டு போய் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தூறலில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். சாம்பிக்கு முன்னால் முள்ளெலி. அதற்கு முன்னால் அணில்.

"இன்றைக்குத் தூறல் பரவாயில்லை" என்றது அணில்.

"நேற்றைக்கு இது பரவாயில்லைதான்" என்றது முள்ளெலி.

அதன் முட்களெல்லாம் சேறு அப்பிக் கிடந்தன. குளிர்காலத் தூக்கத்துக்குச் சேர்த்த இலை மெத்தையும் வெள்ளத்தில் ஊறிப்போன வருத்தம் அதற்கு. சிடுசிடுவென்று நின்றது.

வரிசை நகர்ந்தது. சாம்பி பொந்தை நெருங்கிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் தன் கையாலேயே தன் பிள்ளைக்கு இன்னொரு ஈரக் குளிர்காலத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதை நினைத்ததும் மரியாதையாவது மண்ணாவது என்று ஆகிவிட்டது.

"எனக்கு நீர்நாய்க்குப் போடத்தான் ஆசை!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டது.

வரிசை விறைத்துப் போயிற்று. வாத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"ஆசைதான்" என்று சாம்பி அழாத குறையாகச் சொன்னது. "ஆனால் மற்றவர்கள் யாரும் அதற்குப் போட மாட்டார்களாமே!"

முள்ளெலி மெல்லத் திரும்பியது. "யார் சொன்னது உனக்கு?"

"நரியார்தான். மற்றவர்களை எல்லாம் கேட்டாராம்."

"என்னைக் கேட்கவில்லையே! நானும் நீர்நாய்க்குப் போடலாம் என்றுதான் இருந்தேன். மற்றவர்கள் போட மாட்டார்கள் என்று என்னிடமும் சொன்னாரே!"

"சேற்றில் கோடு போட்டாரா?" என்று அணில் குதித்துக்கொண்டு வந்தது.

"போட்டார். மூன்று கோடு."

"மூன்றாவது?"

"புழு மாதிரி!"

"என் வாசலிலும் அதே புழுதான்!" என்றது வாத்து, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி.

அவ்வளவுதான். "எனக்கும்", "எனக்கும்" என்று வரிசையின் கடைசிவரை பேச்சு ஓடியது. வரிசையைப் பார்வையிட வந்த நரிக்குக் காது விடைத்தது. பாய்ந்து வந்தது.

"சே சே! வரிசையில் நின்றுகொண்டு ஓட்டைப் பற்றிப் பேசுவதா? நம் காட்டின் மரியாதை என்ன ஆவது?"

சாம்பி தன் வாழ்நாளில் முதல்முறையாக நரியின் கண்ணுக்கு நேரே பார்த்தது.

"நரியாரே, மற்றவர்களைக் கேட்டேன் என்றீர்களே. முள்ளெலிக்கு நான் மற்றவள். எனக்கு முள்ளெலி மற்றவர். நீங்கள் சொன்ன அந்த மற்றவர்கள் எல்லோரும் இதோ இந்த வரிசையில்தான் நிற்கிறோம். எங்களில் யாரைக் கேட்டீர்கள்?"

நரி தன் குச்சியை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தது. முள்ளெலி சிரித்தே விட்டது. அதைப் பார்த்து வரிசையே சிரித்தது. அந்தச் சத்தத்தில் ஆந்தைகூட ஒரு கண்ணைத் திறந்து, "வரிசை நகரட்டும்" என்றது.

வரிசை நகர்ந்தது. சாம்பி கரித்துண்டை எடுத்து நீர்நாயின் காலடிக்கு நேரே அழுத்தி ஒரு குறி போட்டது. பட்டை கிழியாதது ஆச்சரியம்தான்.

சாயங்காலம் ஆந்தை ஓட்டுகளை எண்ணியது. நீர்நாய்க்கு ஒரு குவியல். பருந்துக்குக் காக்கைகளின் ஓட்டு. நரிக்கு எவ்வளவு என்று சொல்லி அதன் மனத்தைப் புண்படுத்த நான் விரும்பவில்லை.

நீர்நாய் மறுநாளே எல்லோரையும் ஓடைக்கு அழைத்தது. கொடிகளைத் திரித்து மரத்தில் கட்டினார்கள். "ஏலேலோ, ஐலசா!" என்று இழுத்தார்கள். மரம் அசைந்தது, ஆனால் நகரவில்லை. இன்னும் ஓர் ஆள் பலம் வேண்டியிருந்தது.

அப்போது புதரை விலக்கிக்கொண்டு ஒரு பெண் நரி வந்தது. நேற்றுவரை தலைவராக இருந்த நரியின் மனைவி! வந்து, சாம்பிக்குப் பின்னால் நின்று கொடியைப் பிடித்தது.

"நீங்களுமா?" என்று சாம்பி வாய் பிளந்தது.

"எங்கள் குகைக்குள்ளும் தண்ணீர்தானே வருகிறது? இவர் அக்கரைக்குப் போய்விடுவார். ஈரத்தில் கிடப்பது நானும் குட்டிகளும். போன தேர்தலிலேயே நீர்நாய்க்குத்தான் போடலாம் என்று இருந்தேன். அது ஜெயிக்காது என்று வீட்டில் இவர் சொல்லிவிட்டார்!"

சிரித்த சிரிப்பில் கொடி கைநழுவப் பார்த்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சாக இழுத்தார்கள். மரம் புரண்டு கரையேறியது. தேங்கிய தண்ணீர் தடதடவென்று ஓடிப் போயிற்று.

அந்தக் குளிர்காலம் பொட்டு காய்ந்த புல்லில் படுத்து நன்றாகத் தூங்கியது. பக்கத்தில் சாம்பி, பிள்ளையின் இருமல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தது. கேட்கவில்லை. அதன் பிறகு அதுவும் தூங்கிப் போயிற்று.

நீதி: மற்றவர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று ஊகித்து உன் ஓட்டைப் போடாதே, அந்த மற்றவர்களில் நீயும் உண்டு.