கொம்பையா மைக்குக்குச் சேனல் புடிச்ச கதை

கொக்கலாங்குளம்னு ஒரு ஊரு இருக்கு. மழை வந்தா அந்த ஊருக்காரங்க குடையை மடக்கிச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு ஓடுவாங்க, காசு குடுத்து வாங்குன குடை நனைஞ்சிருமேன்னு. அங்க கல்யாணம் காட்சின்னா மைக்கு, ரேடியோ செட்டு போடுறவன்தான் நம்ம கொம்பையா.

அவனுக்கு ஒரே ஒரு மனக்குறை. மாமனாரு உச்சிமாகாளி அவன்கூடப் பேசமாட்டாரு. என்னன்னா, தன் கல்யாணத்துக்குத் தானே செட்டு போட்டான். மாமனாரு வாழ்த்துறதுக்கு மைக்கைப் புடிச்சுட்டு ரெண்டு எட்டு வச்சாரு, வயரு கால்ல சுத்தி பாயாச அண்டாவுக்குள்ள போயி உக்காந்துட்டாரு. நல்லவேளை, பாயாசம் ஆறிப்போயிருந்துச்சு. பந்தியில யாரும் ருசி குறைஞ்சதா சொல்லல. ஆனா அன்னையிலருந்து மருமகன்கிட்ட ஏதும் சொல்லணும்னா பக்கத்துல இருக்குற லைட்டுக் கம்பத்துக்கிட்டதான் சொல்லுவாரு. "ஏ கம்பமே, எம் மவளைத் தீவாளிக்கு அனுப்பச் சொல்லு."

கோவில் தலைவரும் அவருதான். அதனால இந்த வருசம் அம்மன் கொடைக்கு, அதான் கோவில் திருவிழாவுக்கு, வயரே இல்லாத மைக்கு போட்டுட்டா, அவரு வாயால 'மாப்ள'ன்னு ஒரு சொல்லு கேட்டுரலாம்னு கொம்பையாவுக்கு ஆசை. இருந்த பைக்கை வித்து, நாலு மைக்கும் அதுக்குண்டான பெட்டியும் வாங்கியாந்துட்டான்.

வித்த கடைக்காரத் தம்பி போன்ல சொன்னான்: "அண்ணே, நாலு மைக்கும் ஒண்ணையொண்ணு இடிக்காம பெட்டியோட பேசணும். அதுக்குக் காத்துல காலியா இருக்குற அலைவரிசை, அதான் சேனல், புடிக்கணும். முந்தின நாளே பாத்துருங்க. ஆனா ஒண்ணு, கொடையன்னைக்கு அங்க என்னென்ன இருக்குமோ, அம்புட்டும் இருக்கும்போதுதான் பெட்டியில சேனல் தேடுற பொத்தானை அமுக்கணும்."

கொம்பையா இதைத் தன் கூட்டாளி நயினார்கிட்டயும் சுடலைக்கண்ணுகிட்டயும் சொன்னான். இந்தச் சுடலைக்கண்ணு இருக்கானே, ஒருக்கா அவன் பொண்டாட்டி, "எங்க அத்தை பச்சைச் சேலை கட்டிக்கிட்டு பஸ்ல வருவா, கூட்டியாங்க"ன்னு அனுப்புனா. பச்சைச் சேலை கட்டுன ஒரு அம்மாவைக் கூட்டியாந்துட்டான். அது ரெண்டு நாளு இருந்து, கறிக்கொழம்பு சாப்பிட்டுட்டு, முறுக்கும் கட்டிக்கிட்டுப் போச்சு. யாரு என்னன்னு இன்னும் தெரியாது. ஆனா நல்லது கெட்டதுக்குத் தவறாம வந்துரும், நல்ல மனுசி. சரி, மைக்குக்கு வருவோம்.

"அம்புட்டும்னா சீரியல் லைட்டு," நயினார் சொன்னான்.

"ஜெனரேட்டரு," இது சுடலைக்கண்ணு.

"மேளம்?"

"மேளம் இல்லாம என்னலே கொடை?"

"மேளம் அடிச்சா சாமியாடிக்கு அருள் வந்துருமே."

"வரட்டும். கொடையன்னைக்கும் வரும்லா?"

"அருள் வந்தா கிடா கேக்குமே."

மூணு பேரும் கிடா விலையை விரல் விட்டு எண்ணிப் பாத்தாங்க. அப்பறம் கொம்பையா சொன்னான்: "ஒண்ணு கொறைஞ்சாலும் பெட்டி ஏமாந்துரும்லே. மைக்கு கத்திரும். மாமா இந்த ஜென்மத்துல எங்கூடப் பேசமாட்டாரு."

தலைவர்கிட்ட போனாங்க. அவரு கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசிச்சாரு. "ஏ கம்பமே, பெட்டியை ஏமாத்தக் கூடாதுன்னு அந்த ஆளுகிட்டச் சொல்லு."

அப்பறமென்ன, கொடைக்கு முந்தின நாளு திங்கக்கெழமையே எல்லாம் நடந்துச்சு. லைட்டு எரிஞ்சுச்சு, மேளம் பொளந்துச்சு, சாமி வந்து குறி சொல்லிச்சு. கிடா வெட்டி ஊரே சாப்பிட்டுச்சு. வாங்கி வச்ச வெடி அத்தனையும் வெடிச்சாங்க, ராட்டினக்காரனுக்கு ஒரே வசூலு. நடுவுல கொம்பையா வேர்க்க வேர்க்கப் பொத்தானை அமுக்குனான். பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. சேனல் புடிச்சாச்சு!

செவ்வாக்கெழமைதான் நெசக் கொடை. மேளக்காரங்க வேற ஊரு கொடைக்குப் போயிட்டாங்க. அரிசி இல்ல, கிடா இல்ல, வெடி இல்ல. சனமெல்லாம் தின்ன அசதியில குறட்டை விட்டுக்கிட்டு கெடக்கு. கோவில் முன்னாடி பொட்டல்ல அந்தப் பச்சைச் சேலை அம்மா மட்டும் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு.

மாமனாரு மேடை ஏறுனாரு. கொம்பையா மைக்கை நீட்டுனான். அவரு குனிஞ்சு காலடியைப் பாத்தாரு. வயரு இல்ல. சுத்திமுத்தும் பாத்தாரு. அண்டாவும் இல்ல.

"மாப்ள..." அப்படின்னாரு. ஒரு கரகரப்பு இல்ல, மூணு ஊருக்குக் கணீர்னு கேட்டுச்சு.

"மாமா!" கொம்பையாவுக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு.

"நேத்து நடந்தது வெறும் டெஸ்டுதானே?"

"ஆமா மாமா."

"கொடையைவிட டெஸ்டுல்லா நல்லாருக்கு! பேசாம இனிமே வருசா வருசம் டெஸ்டே வச்சிருவோம். கொடை எதுக்கு வீண்செலவு?"

சுடலைக்கண்ணு தலையைச் சொறிஞ்சான். "எல்லாம் சரி மாமா. ஆனா அந்த டெஸ்டன்னைக்கு மைக்கு நல்லாக் கேக்கணும்னா, அதுக்கு முந்தின நாளு சேனல் புடிக்கணுமே. டெஸ்டன்னைக்கு என்னென்ன இருக்குமோ, அம்புட்டும்லா இருக்கணும்?"

மாமனாரு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு மைக்குலயே சொன்னாரு: "பய சொல்லுதது நியாயம்தான். மாப்ள, ரெண்டு கிடா கூடுதலா சொல்லிரு."

கீழ இருந்து பச்சைச் சேலை அம்மா கையைத் தூக்கிச்சு. "அப்ப நான் அதுக்கும் முந்தின நாளே வந்துருதேன். நானும் இருந்தாத்தானய்யா அம்புட்டும் இருந்த மாதிரி?"