வளையத்துக்கு எந்தக் கனம்?

உடுமலைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே துறவு எடுக்கிறவர்கள் ஆண்குறியின் நுனியில் துளையிட்டு இரும்பு வளையம் மாட்டிக்கொள்வார்கள். பிரம்மச்சரியத்துக்கு அடையாளம். காவி கட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தாண்டவராயனுக்கு மறுநாள் காலையில் துளையிட ஏற்பாடு. ஆள் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். குரு வேலப்ப சாமியைவிட வயசில் மூத்தவர். முன்பும் ரெண்டு தடவை மடத்துக்கு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஓடிப்போனவர். "இந்தத் தடவை போனா போனதுதான். திரும்பி வந்து வாசப்படி மிதிக்கப்படாது" என்று மனைவி ரங்கநாயகி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

கம்பி விஷயம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. கனத்தைக் குறிக்கிற கேஜ் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இருந்தும் மனுசன் குழம்பிப்போய்க் கிடந்தார். மூத்த சீடர், "பதினாலு போடுங்க, வலி தெரியாது. பின்னால பெருசாக்கிக்கலாம்" என்றார். சமையல் பார்க்கிற சீடர், "ஐயோ, அத்தனை மெல்லிசு சதையை அறுத்துப்போடும். ஆறு போடுங்க" என்றார். அட, ஒரு நுனிக்கு இத்தனை அபிப்பிராயமா! தாண்டவராயனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் குருவிடமே போனார். அவர் வெயிலில் கொத்தமல்லி காயவைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, மெல்லிசா, கனமா? ஒண்ணைச் சொல்லிப்போடுங்க."

குரு எழுந்துபோய் ஒரு மெல்லிய கம்பியை எடுத்துவந்து, தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் கைப்பிடி வளையமாகக் கட்டினார்.

"இதைப் பிடிச்சுத் தூக்குங்க."

தூக்கினார். நாலடி போவதற்குள் விரல் அறுந்துவிடும் போலிருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டார்.

"புரிஞ்சுதுங்க. மெல்லிசு ஆகாது. அப்ப இருக்கிறதிலேயே கனமானதைப் போட்டுருங்க."

"அது ஆற ரொம்ப நாளாகும். எதுக்கு அத்தனை கனம்?"

தாண்டவராயன் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மறுபடி ஓடிப்போயிருவேனோன்னு பயமா இருக்குதுங்க சாமி. கனமா ஒண்ணு கிடந்தா ஆளை இழுத்துப் பிடிக்குமில்லீங்களா?"

"போன மாசியில ஒருத்தர் ஓடிப்போனார். அவர் போட்டிருந்ததுதான் இங்க இருந்ததிலேயே கனம்."

"கழட்டிப்போட்டுட்டுப் போயிட்டாருங்களா?"

"மாட்டிக்கிட்டேதான் போனார்."

தாண்டவராயனுக்கு இதைக் கேட்கவா வந்தோம் என்றிருந்தது.

"அப்புறம் அந்த வளையம் எதுக்குத்தானுங்க?"

"இங்கேயே இருக்கிறவங்களுக்கு."

"சரிங்க சாமி. எனக்கு எந்தக் கனமுங்க?"

குரு மல்லியைக் கையால் துழாவிவிட்டார்.

"நாளைக்குப் பொழுது வெடியறப்ப நீங்க இங்க இருந்தீங்கன்னா சொல்றேன்."