பறவை பார்த்த அரசனும் ஏர் பிடித்த வெள்ளச்சியும்

பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். வயல்களுக்கு வேலியே இல்லாத அந்தக் காலத்தில் நெடுவேள் என்றொரு அரசன் இருந்தான். பறவை பார்ப்பதென்றால் அவனுக்கு உயிர்.

அரண்மனைக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. ஆடியில் ஏருக்குப் பின்னால் கொக்குகள் நடக்கும். ஐப்பசியில் பயிர்மேல் கரிச்சான்கள் பாயும். தையில் விளைந்த சோளத்தின்மேல் பூனைப்பருந்துகள் தாழப் பறக்கும். அரசன் உயரமாக ஒரு பரண் கட்டி, மூன்று பருவமும் அதிலேயே கிடந்தான்.

ஒருநாள் அவனுக்கு எரிச்சல் வந்தது. "பறவைகளுக்கு நடுவே இந்த உழவர்கள் எதற்கு? சத்தம் போட்டுக் கலைக்கிறார்கள். வெளியேற்றுங்கள்" என்றான்.

ஏர்களைப் பிடுங்கினார்கள். மாடுகளை ஓட்டிப் போனார்கள். விதைச் சோளத்தையும் விட்டுவைக்கவில்லை. ஊர் கிழங்கு தோண்டித் தின்றது. கிழங்கும் தீர்ந்தபோது பாதி ஊர் வேறு நாட்டுக்கு நடந்தது. வெள்ளச்சி என்ற உழத்திக்குப் பால் வற்றியது. கைக்குழந்தையைப் புதைத்தாள்.

ஆடி வந்தது, கொக்கு வரவில்லை. ஐப்பசி வந்தது, கரிச்சான் வரவில்லை. தை வந்தது, பருந்தும் வரவில்லை. வயலெங்கும் முள் மண்டிக் கிடந்தது.

"பசியில் என் பறவைகளைப் பிடித்துத் தின்றுவிட்டார்கள்" என்று அரசன் கொதித்தான். மூன்று உழவர்களைப் பரணடிக்குக் கட்டி இழுத்துவந்து கையை வெட்டச் சொன்னான்.

வெள்ளச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கும்பிடவில்லை.

"ஓர் ஏரும் இரண்டு மாடும் கொடுங்கள். உச்சிப்பொழுதுக்குள் உங்கள் பறவைகள் வரும். வராவிட்டால் என் கையையும் சேர்த்து வெட்டுங்கள்."

கொடுத்தார்கள். முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டு முதல் சால் ஓட்டினாள். ஒன்றும் வரவில்லை. அரசன் சிரித்தான். இரண்டாம் சாலில் ஒரு மைனா வந்தது. மூன்றாம் சாலில் மண் புரண்டு புழு நெளிந்தது. ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு கொக்கு வந்து இறங்கியது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை.

அரசன் பரணிலிருந்து இறங்கி வந்தான். "தெரியாமல் செய்துவிட்டேன், தாயே. மன்னித்துவிடு."

"மூன்று பருவமும் மேலே உட்கார்ந்து பார்த்தீர்களே. கொக்கு தெரிந்தது. அதற்கு முன்னால் நடந்த ஆள் தெரியவில்லையா?" என்றாள் வெள்ளச்சி. "என் பிள்ளை மண்ணுக்குள் கிடக்கிறது. உங்களுக்குக் கொடுக்க என்னிடம் மன்னிப்பு இல்லை. இவர்கள் கட்டை அவிழ்த்துவிடுங்கள். மாடுகளைத் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பரணை உங்கள் கையாலேயே பிரித்துப் போடுங்கள்."

அரசன் மூன்றையும் செய்தான். அவன் பரணைப் பிரித்தபோது ஊரே நின்று பார்த்தது. ஒருவரும் கைகொடுக்கவில்லை. வெள்ளச்சி அந்தப் பக்கமே பார்க்காமல், அடுத்த சாலுக்கு மாட்டைத் திருப்பினாள்.

உழைப்பவரை விரட்டிவிட்டு அவர் உழைப்பால் வந்த அழகை மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பவனுக்கு இரண்டும் மிஞ்சாது.