நான்கு எண்ணிக்கை

மருதங்காட்டு ஜமீன் அரண்மனையில் பேண்டு இசைக்கூடத்தைப் பெருக்குபவள் பவளக்கொடி. வீட்டில் பேச ஆளில்லாத அவள், வாத்தியம் ஒலிக்கும்போதெல்லாம் இசைத்தாளின் நொட்டேஷன் குறிகளைப் பார்த்திருந்து, ஐந்து கோடுகளின்மேல் புள்ளி ஏறினால் சுரமும் ஏறும், இறங்கினால் இறங்கும் என்று தானாகவே கற்றுக்கொண்டாள்.

அவள் தாளைப் பார்த்துப் பாடுவதைக் கண்ட பேண்டு மாஸ்டர் எதிராஜுலு, அவளை ஜமீன்தார்முன் நிறுத்தினார்.

"துடைப்பம் பிடிக்கிறவளுக்கு நொட்டேஷன் கேக்குதா? இது யாரும் வாசிக்காத புதுத்தாள். பிசகாமப் பாடு. தப்பினா, இனி கூடத்துல கால் வைக்கக்கூடாது!" என்றார் மாஸ்டர்.

பவளக்கொடி பாடினாள். நடுவில் நிறுத்தி விரல்விட்டு எண்ணினாள்.

"பாத்தீங்களா, முழிக்கிறா!" என்று மாஸ்டர் கைகொட்டினார்.

அவள் எண்ணி முடித்து, மீதியையும் பாடினாள். பிறகு, கோட்டிலிருந்து தொங்கிய சிறு கறுப்புக் கட்டையைக் காட்டினாள். "இங்க நாலு எண்ணிக்கை சும்மா இருக்கணுங்க."

"அது மை சொட்டினது!"

"அப்ப பல தாள்லயும் மேலேருந்து ரெண்டாவது கோட்டுலயே பாத்துப் பாத்துச் சொட்டியிருக்குங்களே, மாஸ்டர்?"

ஜமீன்தார் தாள்களை வரவழைத்துப் புரட்டினார். பலவற்றில் அதே கோட்டில் அதே கட்டை. தாளைப் படிக்கத் தெரியாமல், இருபது ஆண்டுகள் காதை நம்பியே கோலசைத்துப் பேண்டை நடத்திய மாஸ்டர் தலைகுனிந்தார்.

"கூடம் உனக்குத்தான். இதை யார் சொல்லிக் கொடுத்தா?" என்றார் ஜமீன்தார்.

"எனக்கு முதல்ல புரிஞ்சதே இதுதானுங்க. எங்க வீடும் சத்தமில்லாம அப்படித்தானே இருக்கு."

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்தாள். என்ன நடந்தது என்று கேட்க ஒருவருமில்லை. நான்கு எண்ணிவிட்டு, அந்தப் புதுப்பாட்டைப் பாடத் தொடங்கினாள்.